வெயிலில் போனால் தலைவலியும் குமட்டலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

வெயிலில் போய்விட்டு வந்தால் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று எழுதப்பட்ட கடிதங்கள் பல வந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது என்பதால், தன்மையில் வேறுபடும் ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெயில் என்ற ஒரே சொல்லுக்குள் கண்ணைத் தாக்கும் வெளிச்சம், உடலைச் சுடும் வெப்பம், வியர்வையாக வெளியேறிவிடும் நீரும் உப்பும் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன. தம்மைப் படுத்துவது இவற்றில் எது என்று அறியாமல் பலர் ஆண்டுக்கணக்கில் தவறான திசையில் மருந்து தேடுகிறார்கள். கீழே உள்ள பதில்களை இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. கல்லூரிக் காலத்திலிருந்தே, வெயிலில் பத்து நிமிடம் நின்றால் போதும், மாலைக்குள் தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிடும். கூடவே குமட்டல் வரும். எந்த வாசனையும் பிடிக்காது. இருட்டறையில் படுத்துத் தூங்கினால்தான் குறையும். தண்ணீர் குடிக்காததால் வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். நன்றாகக் குடித்துவிட்டுப் போனாலும் வருகிறது. இது வெயிலின் கோளாறா, வேறு நோயா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேனுடன் ஏறக்குறைய முழுவதும் பொருந்துகிறது. ஒரு பக்கம் துடிப்பதுபோல் வலிப்பது, நடந்தாலோ படியேறினாலோ வலி கூடுவது, குமட்டலோ வாந்தியோ சேர்ந்து வருவது, வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாமல் போவது, மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிப்பது ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர்கள் இதை அடையாளம் காண்கிறார்கள். இதை உறுதிசெய்வதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நோயாளி பொறுமையாகச் சொல்லும் விவரங்களும், அவற்றைப் பொறுமையாகக் கேட்கும் மருத்துவர் செய்யும் நரம்பு மண்டலப் பரிசோதனையுமே ஆதாரம். பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும்.

ஆகவே வெயில் உங்களுக்கு நோயைக் கொடுக்கவில்லை. உடலில் ஏற்கெனவே உள்ள ஓர் இயல்பைத் தட்டி எழுப்புகிறது. மைக்ரேன் உள்ளவர்களின் மூளை புலன்வழி வரும் தூண்டல்களை மற்றவர்களின் மூளையைவிடக் கூர்மையாக வாங்கிக்கொள்கிறது. முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு தூண்டப்படும்போது அதன் முனைகளிலிருந்து சி.ஜி.ஆர்.பி. போன்ற புரதங்கள் சுரந்து, மூளையுறையின் ரத்தக் குழாய்களைச் சுற்றி வலியை உண்டாக்குகின்றன. அந்த நரம்பின் செய்திகள் போய்ச்சேரும் மூளைத்தண்டிலேயே வாந்தியைத் தூண்டும் மையங்களும் அருகருகே அமைந்திருப்பதால் தலைவலியும் குமட்டலும் இணைந்தே வருகின்றன. உங்களுக்கு வயிற்றில் தனியாக ஒரு நோய் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை.

உங்களைத் தாக்குவது வெளிச்சமா, வெப்பமா, நீரிழப்பா என்பதை நீங்களே கண்டுபிடிக்க முடியும். குளிரூட்டப்பட்ட வண்டிக்குள் உட்கார்ந்து, வியர்க்காமல், எதிரிலிருந்து வரும் கண்கூசும் ஒளியைப் பார்த்தபடி போனாலே வலி வருகிறதா? அப்படியானால் குற்றவாளி வெளிச்சம். மேகம் மூடிய புழுக்கமான நாளிலும், கூரைக்குக் கீழே உள்ள சூடான அறையிலும் வருகிறதா? அப்படியானால் வெப்பம். வெயிலில் நின்ற உடனே வராமல், பல மணி நேரம் வியர்த்து, சிறுநீர் அடர்மஞ்சளாக மாறிய பிறகு வருகிறதா? அப்போதுதான் வீட்டில் சொல்வது சரியாக இருக்கும். நன்றாகத் தண்ணீர் குடித்த நாளிலும் பத்து நிமிடத்துக்குள் தொடங்குகிறது என்பதால், உங்கள் விஷயத்தில் நான் முதலில் வெளிச்சத்தைத்தான் சந்தேகிப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது பலர் கவனிக்காமல் விடும் செய்தி. மைக்ரேன் வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஓரிரு நாள் முன்பே, கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், இனம்புரியாத சோர்வு, வெளிச்சத்தைக் கண்டாலே கூச்சம் ஆகிய முன்னறிகுறிகள் வருவதுண்டு. அந்தக் கட்டத்தில் இருப்பவர் வெளியே போனால், மற்ற நாளில் பொறுத்துக்கொண்ட அதே வெயில் அன்று முள்ளாகக் குத்தும்; பிறகு வலி வந்ததும் அவர் வெயிலின் மேல் பழி போடுவார். உண்மையில் வலி அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. இதைப் பிரித்தறிய ஒரு நோட்டில் இரண்டு மூன்று மாதங்களுக்குக் குறிப்பெழுதுங்கள்: வலி வந்த நாள், நேரம், அதற்கு முந்தைய இரவு தூங்கிய அளவு, தவறவிட்ட வேளை உணவு, மாதவிடாய் நாள், வெயிலில் இருந்த நேரம். வெயிலில் போயும் வலி வராத நாட்களையும் மறக்காமல் எழுதுங்கள். தூக்கம் கெட்டு, வெறும் வயிற்றோடு கிளம்பிய நாட்களில்தான் வெயில் உங்களை வீழ்த்துகிறது என்று அந்த நோட்டு காட்டினால், பாதி மருத்துவம் அங்கேயே தொடங்கிவிடும்.

வலி வந்தால் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். மைக்ரேன் தாக்குதலின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால், வலி உச்சத்துக்குப் போன பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றிலேயே கிடந்துவிடும். தொடக்கத்திலேயே, போதுமான அளவில் எடுத்துக்கொண்டால்தான் பயன்படும். குமட்டல் அதிகமுள்ளவர்களுக்கு வாந்தியைக் கட்டுப்படுத்தும் மருந்தையும் சேர்த்துத் தருவோம். அது வலி மாத்திரை உடலில் சேரவும் உதவும். சாதாரண வலி மாத்திரைகளுக்குக் கட்டுப்படாவிட்டால் டிரிப்டான் வகை மருந்துகள் இருக்கின்றன. இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அவை ஆகாது என்பதால் மருத்துவர் எழுதித் தர வேண்டும். மாதத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வலி வந்தால், வராமல் தடுக்கும் மருந்துகளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இனியும் தாங்க வேண்டியதில்லை.

கேள்வி: வெயிலால் வரும் தலைவலியின்போது கசப்பாக, மஞ்சளாக வாந்தி எடுக்கிறேன். எடுத்தவுடன் வலி குறைகிறது. பித்தம் தலைக்கேறியதால் வருகிறது என்கிறார்கள். விரலை விட்டு வாந்தி எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மஞ்சளாக வருவது பித்தநீர்தான். ஆனால் அது தலைவலிக்குக் காரணமில்லை. வயிறு காலியான பிறகும் குமட்டல் தொடரும்போது சிறுகுடலிலுள்ள பித்தநீர் மேலேறி வருகிறது, அவ்வளவே. மைக்ரேன் உள்ளவர்களில் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வாந்தியோடு தாக்குதல் முடிவுக்கு வருவது உண்மை. அதைப் பார்த்து வலிந்து வாந்தி எடுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் ஏற்கெனவே இழந்த நீரும் உப்பும் இன்னும் குறையும். பச்சை நிறமாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலும், கடுமையான வயிற்றுவலி சேர்ந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: கட்டுமானப் பணியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன், வயது 46. கடும் வெயில் நாட்களில் பிற்பகலில் தலை கனத்து வலிக்கிறது. குமட்டல், தலைசுற்றல், கெண்டைக்காலில் பிடிப்பு ஆகியவையும் வருகின்றன. தண்ணீர் லிட்டர் லிட்டராகக் குடிக்கிறேன். ஆனாலும் குறையவில்லை. விடுமுறை நாட்களில் இது வருவதே இல்லை.

பதில்: உங்களுக்கு வருவது வெப்பச் சோர்வு என்று நினைக்கிறேன். இது மேலே சொன்ன மைக்ரேனைவிட அவசரமான விஷயம். உங்களோடு வேலை செய்பவர்களுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். உடல் தன் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்ள ரத்தத்தைத் தோலை நோக்கித் திருப்பி, வியர்வையை ஆவியாக்கிக் குளிர்கிறது. ரத்தம் தோலுக்குப் போவதால் இரைப்பைக்கும் குடலுக்கும் போகும் அளவு குறைந்து குமட்டுகிறது. நீர் குறைந்து ரத்த அழுத்தம் தாழும்போது தலை வலித்துச் சுற்றுகிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால், அதே வெப்பநிலையிலும் பாதிப்பு கூடும்.

நீங்கள் தண்ணீர் குடித்தும் குறையாததற்கு ஒரு காரணம், வியர்வையோடு உப்பும் போகிறது என்பதே. கடுமையாக உழைப்பவரிடமிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம். அந்த இடத்தை வெறும் தண்ணீரால் மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச்சத்து தாழ்ந்துவிடும். அதன் அறிகுறிகளும் தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம் ஆகியவையே. அறிகுறி மாறவில்லை என்று மேலும் மேலும் தண்ணீர் குடித்து ஆபத்தில் சிக்குபவர்கள் உண்டு. பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் குடியுங்கள். எப்படியும் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பல மணி நேரம் தொடர்ந்து வியர்க்கும் நாளில், உணவை விட்டுவிடாமல் சாப்பிடுவதோடு, ஓ.ஆர்.எஸ். கரைசலையும் இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்போ சிறுநீரக நோயோ இருந்தால் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் வற்றிய உடலோடு இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு.

அறிகுறி தொடங்கியதும் வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்து, உடையைத் தளர்த்தி, தோலில் தண்ணீரைத் தெளித்து விசிறிக்கொண்டு, காலைச் சற்று உயர்த்திப் படுங்கள். அரை மணி நேரத்தில் தெளிவு வர வேண்டும். வராவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, காரணமின்றிச் சிடுசிடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பவாதம். உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டி மூளையைத் தாக்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். வெப்பவாதம் வந்தால் வியர்வை நின்று தோல் உலர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். உழைக்கும்போது தாக்கும் வெப்பவாதத்தில் உடல் வியர்த்தபடியே இருக்கலாம். அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். குளிர்ந்த நீரில் உடலை மூழ்கவைப்பதே சிறந்தது. முடியாவிட்டால் உடல் முழுக்க நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்த வெப்பத்தைக் குறைக்காது.

வெப்பத்துக்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் முழு வெப்பத்தில் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, நாளுக்கு நாள் அதே அளவு கூட்டிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பான முறை. மேற்பார்வையாளர் என்ற முறையில் இது உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: ஒற்றைத் தலைவலி இருப்பதால் மிகக் கருமையான கூலிங் கிளாஸ் வாங்கி, வீட்டுக்குள்ளும் அணிந்திருக்கிறேன். முன்பைவிட இப்போது கூச்சம் அதிகமாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. என் கணிப்பு சரியா?

பதில்: உங்கள் கணிப்பு சரி. கண் இருட்டுக்குப் பழகப் பழகச் சிறு வெளிச்சமும் அதற்குப் பேரொளியாகத் தெரியும். ஆகவே வீட்டுக்குள் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். ஒரேயடியாகக் கழற்றுவது சிரமமாக இருந்தால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறையுங்கள்.

வெளிச்சம் எப்படி வலியாகிறது என்பது மருத்துவத்தில் அண்மைக்காலத்தில்தான் தெளிவாகியிருக்கிறது. பார்வையிழந்த மைக்ரேன் நோயாளிகளைக் கொண்டு பாஸ்டனில் ரமி பர்ஸ்டைன் குழுவினர் நடத்திய ஆய்வு 2010-ஆம் ஆண்டில் வெளியானது. உருவங்களைக் காண முடியாவிட்டாலும் ஒளியை மட்டும் உணரக்கூடியவர்களுக்கு வெளிச்சம் வலியைக் கூட்டியது. ஒளியே உணராதவர்களுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில நரம்பணுக்கள் இருக்கின்றன. உருவத்தைக் காட்டுவதைவிட, பகலா இரவா என்பதை மூளைக்குச் சொல்வதே அவற்றின் முதன்மையான வேலை. அவற்றிலிருந்து போகும் செய்தியும் மூளையுறையிலிருந்து வரும் வலிச் செய்தியும் மூளையில் தாலமஸ் என்னும் பகுதியிலுள்ள அதே நரம்பணுக்களில் வந்து சேர்கின்றன. மெலனாப்சின் ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்குத்தான் மிகுதியாக வினைபுரியும்; நண்பகல் வானத்து ஒளியில் நீலம் நிறையவே இருக்கிறது. அதே குழுவினர் 2016-இல், மெல்லிய பச்சை ஒளியே மற்ற நிறங்களைவிடக் குறைவாக வலியைக் கூட்டுகிறது என்றும் கண்டறிந்தார்கள்.

எனவே கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும்போது கருமையை மட்டும் பார்க்காதீர்கள். வெளியில் அணிவதற்குப் புறஊதாக் கதிர்களை 400 நானோமீட்டர் வரை தடுக்கும் கண்ணாடி வேண்டும். தரமில்லாத கருப்புக் கண்ணாடி கண்ணின் பாவையை விரியவைத்து அந்தக் கதிர்களை இன்னும் அதிகமாக உள்ளே விட்டுவிடும். நீர்ப்பரப்பிலோ வண்டிக் கண்ணாடியிலோ பட்டுத் திரும்பும் ஒளிதான் உங்களைத் தாக்குகிறது என்றால் போலரைஸ்டு வகை உதவும். வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் கூச்சம் தாங்காதவர்களுக்கு, நீல ஒளியை வடிகட்டும் எஃப்.எல்.-41 என்ற இளஞ்சிவப்புச் சாயக் கண்ணாடி இருக்கிறது; கண் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மேலேயிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நுழையும் ஒளியைக் கண்ணாடி தடுக்காது. அகன்ற விளிம்புள்ள தொப்பியோ குடையோ சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும். மரவரிசைக்கு இடையே வண்டியில் போகும்போது நிழலும் ஒளியும் மாறி மாறி வெட்டுவதும் மைக்ரேனைத் தூண்டக்கூடும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கண்ணை மூடிக்கொள்வது எளிய வழி. வண்டியை ஓட்டுபவர் நீங்களாக இருந்தால் இது பொருந்தாது.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. மைதானத்தில் விளையாடிவிட்டு வந்தால் சில நாட்களில் முகம் வெளுத்து, நெற்றி முழுவதும் வலிக்கிறது என்று அழுது, வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தால் எதுவும் நடக்காததுபோல் ஓடுகிறான். நான் பயப்பட வேண்டுமா?

பதில்: உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது, அதே சமயம் இந்த விவரம் ஆறுதல் தரக்கூடியதே. குழந்தைகளின் மைக்ரேன் பெரியவர்களுடையதைப் போல ஒரு பக்கமாக இருக்க வேண்டுமென்பதில்லை. நெற்றியின் இரு பக்கமும் வலிக்கலாம், இரண்டு மணி நேரத்திலேயே முடிந்தும் போகலாம். தூங்கி எழுந்ததும் முழுமையாகத் தெளிவது அதன் நல்ல அடையாளம். ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கண் பார்வையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

விளையாடப் போகும் முன் உணவு, நீர், தலைக்குத் தொப்பி ஆகியவற்றைக் கவனியுங்கள். விளையாட்டை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். வலி தொடங்கியதும் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ தரலாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குத் தரக் கூடாது. தூங்கும்போது தொட்டு எழுப்பினால் உங்களை அடையாளம் கண்டு பதில் சொல்கிறானா என்று பாருங்கள். எழுப்ப முடியவில்லை, உடல் கொதிக்கிறது, கழுத்து விறைத்திருக்கிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் அது தூக்கமல்ல. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் போகாத நாட்களிலும் விடிகாலையில் வலி எழுப்பி வாந்தி வந்தாலும், நடை தடுமாறினாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

கேள்வி: விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்க்கிறேன். வெயிலில் அலைய வேண்டியிருப்பதால், வலி வருவதற்கு முன்பே தினமும் காலையில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் உதவியது, இப்போது காலையில் எழும்போதே தலை வலிக்கிறது.

பதில்: இந்தக் காலை வலிக்குக் காரணம் அந்த மாத்திரையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே தலைவலி உள்ள ஒருவர் சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, டிரிப்டான்களையும் பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மருந்தே தலைவலியை நிலைநிறுத்திவிடும். நிறுத்தினால் முதல் சில நாட்கள், சிலருக்கு ஓரிரு வாரங்கள், வலி கூடிய பிறகே குறையும். அந்த நாட்களைத் தனியாகக் கடக்க முயலாதீர்கள். மருத்துவரிடம் உண்மையான மாத்திரைக் கணக்கைச் சொன்னால், தடுப்பு மருந்தைத் தொடங்கிக்கொண்டே உங்களை இதிலிருந்து விடுவிக்க வழி செய்வார். அவர் உங்களைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. வேலையை விடாமல் பார்க்கத்தான் நீங்கள் இதைச் செய்தீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 61. வாழ்நாளில் தலைவலியே வந்ததில்லை. மூன்று மாதங்களாக வெயிலில் போனால் தலைவலியும் குமட்டலும் வருகின்றன. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மாற்றினார்கள். தூக்கத்துக்கும் ஒன்று சாப்பிடுகிறேன். வயதானதால் வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியை வெயிலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. முதலில் மாத்திரைகளைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகள் சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரையும் சோடியத்தையும் குறைக்கின்றன. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் மருந்துகளில் சில வியர்வையைக் குறைத்து, உடல் குளிரும் வழியையே அடைத்துவிடுகின்றன. மைக்ரேனைத் தடுக்கத் தரும் டோபிரமேட்டுக்குக்கூட இந்தக் குணம் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். சோடியம் அளவையும் ரத்த அழுத்தத்தையும், உட்கார்ந்தும் எழுந்து நின்றும், அவர் பார்ப்பார்.

அதோடு மூன்று கேள்விகளுக்கு உங்களிடமே விடை இருக்கிறது. தலைசீவும்போது, கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள நெற்றிப்பொட்டில் தொட்டால் வலிக்கிறதா? மெல்லும்போது தாடை வலித்து ஓய்வெடுத்தால் குறைகிறதா? கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிகின்றனவா? முதல் இரண்டில் எதற்கு ஆம் என்றாலும் நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியையும், மூன்றாவதற்கு ஆம் என்றால் திடீர்க் கண் அழுத்த நோயையும் ஐயப்பட வேண்டும். கவனிக்காமல் விட்டால் இரண்டுமே பார்வையைப் பறித்துவிடும். இவற்றில் எதுவும் இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் இன்றே போங்கள்.